மல்லாட்டைப் பொம்மைக்குப் போட்ட ஏழு ஒட்டு

ஓட்டை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை அடைக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. வாளி, குடை, செருப்பு, நான் வேலை செய்யும் பள்ளிக்கூட அலுவலகத்தில் முதுகு பிய்ந்த பதிவேடு, எதுவானாலும் என் கைக்கு வந்தால் ஒட்டுப் போடாமல் திரும்பாது. "நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும் மேடம்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். படிக்காமல் போனதே நல்லது. ஓட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து போனது எங்கே என்று கேட்கத் தெரியாத ஆளுக்கு அந்த வேலை ஆகாது. என் அப்பா படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை நான் தெரிந்துகொண்டேன்.

என் மகள் சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போனபோது, விழுப்புரம் வீட்டில் தன் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். உள்ளே முழுக்க ஸ்குவிஷி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மெத்தென்ற ஸ்பாஞ்சில் செய்த பொம்மை அது. அமுக்கினால் உள்ளங்கைக்குள் சுருங்கிவிடும். விட்டால் மெல்ல மெல்ல எழும்பி மறுபடி தன் உருவத்துக்கு வரும். பத்து வயதில் அவளுக்கு அதன்மேல் பைத்தியம். பன், ஸ்ட்ராபெரி, பூனை, பாண்டா என்று வாங்கிக் குவித்திருந்தாள். பெயிண்ட் உரிந்து, காது கிழிந்து, பிசுபிசுவென்று தலைமுடியும் தூசியும் ஒட்டி, தொடவே அருவருப்பாக இருந்தன. போனில் கேட்டேன். "தூக்கிப் போட்டுரும்மா" என்றாள். நானாவது, தூக்கிப் போடுவதாவது.

யூடியூபில் பார்த்தால் ஊர் உலகத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நைந்துபோன ஸ்குவிஷியைக் கழுவி, கிழிசலை ஒட்டி, வேறு உருவம் வரைந்து புதிதாக்கிக் காட்டுகிறார்கள். நானும் இறங்கினேன். முதலில் சாதாரண அக்ரிலிக் பெயிண்டை அடித்தேன். காய்ந்து பளபளவென்று இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கியதும் கோடையில் ஏரி வெடிப்பதுபோலப் பாளம் பாளமாக வெடித்துக் கொட்டியது. பிறகுதான் துணிக்கு அடிக்கும் பெயிண்டில் துணி ஒட்டும் பசையைச் சரிபாதி கலக்க வேண்டும் என்று தெரிந்தது. அது தோல்போலப் படிந்து இழுத்தால் கூடவே வரும். பிசுபிசுப்புக்கு மேலே முகப்பவுடர். கிழிசல் என்றால் உள்ளே பசை விட்டு நூலால் சுற்றி வைக்க வேண்டும். துண்டே போய்விட்டதென்றால் வேறு ஸ்பாஞ்சை வெட்டி அடைத்து, கை கழுவும் தொட்டி ஓரத்தில் பிளம்பர் பூசுவாரே, அந்த சிலிகானை மேலே தடவி, ஈர விரலால் நீவி விட வேண்டும். காய்ந்தால் எங்கே ஒட்டு, எங்கே அசல் என்று செய்தவளுக்கே தெரியாது. எனக்கு அதில் அப்படி ஒரு திமிர் இருந்தது.

அப்பா திண்டிவனத்தில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். மல்லாட்டை மண்டியில் தரம் பார்ப்பவராக நாற்பது வருஷம் இருந்தவர். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. மூட்டை வந்து இறங்கியதும் ஒரு கை அள்ளுவார். அதில் ஒன்றை எடுத்து அதன் இடுப்பில் கட்டை விரலை வைத்து அமுக்குவார். 'பட்' என்ற சத்தத்தைக் காதால் கேட்பார். தோலை நகத்தால் கீறிப் பருப்பை வாயில் போட்டு இரண்டு மெல்லு மெல்லுவார். பிறகு விலை சொல்வார். நன்றாகக் காயாத சரக்கு என்றால் "காய்ச்சல் பத்தல" என்று இரண்டே வார்த்தை. அதற்குமேல் விவசாயியும் பேச மாட்டார், முதலாளியும் பேச மாட்டார்.

மூன்று வருஷமாக அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. முதலில் தெருவை மறந்தார், பிறகு எங்கள் முகங்களை. பேச்சும் நின்றுபோனது. கை மட்டும் வேலையை விடவில்லை. நாள் முழுக்க எதையாவது அமுக்கும், நகத்தால் கீறும், உரிக்கும். போர்வை ஓரம், சட்டைப் பொத்தான் எல்லாம் போய், கடைசியில் தன் முன்னங்கைத் தோலையே உரிக்க ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது தம்பி மனைவி அவருடைய இரண்டு கைகளிலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டிவைத்திருந்தாள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"கட்டிப் போட்டு வச்சிருக்கியே, அவரு என்னா மாடா?" என்றேன்.

"ரத்தம் வருதுக்கா. ஒரு நிமிசம் அந்தாண்ட திரும்புனா உரிச்சிக்கினு இருக்காரு. நான் ஒருத்தி என்னா பண்ணட்டும்" என்றாள்.

அவள் காலை ஐந்து மணியிலிருந்து அவரோடு மல்லுக்கட்டுகிறவள். நான் வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறி வந்து குறை கண்டுபிடித்துவிட்டு இருட்டுவதற்குள் விழுப்புரம் திரும்புகிறவள். ஆனாலும் அன்று நான்தான் பெரிய மனுஷி. "கைக்கு ஏதாவது கொடுத்தா ஏன் தோலை உரிக்கப்போறாரு? அடுத்த வாரம் நான் கொண்டாரேன் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் பாண்டாவைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார், கட்டிலுக்குக் கீழே போட்டார். மறுபடி எடுத்துக் கொடுத்தேன். மறுபடி போட்டார். முன்பின் பாண்டாவைப் பார்த்திராத மனுஷரிடம் பாண்டாவைக் கொடுத்தால் என்ன செய்வார்? திரும்பி வரும்போது பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டுகையில்தான் அந்த யோசனை வந்தது. வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்போதும் சிலிர்க்கிறது, ஆனால் அந்தக் காரணத்துக்காக இல்லை.

பாண்டாவின் காதுகளை வெட்டினேன். நடுவில் நூலைச் சுற்றி இறுக்கிப் பசை வைத்து ஒரு இடுப்பு உண்டாக்கினேன். இரண்டு பருப்பு உள்ள மல்லாட்டைக்கு இருக்குமே, அந்த மேடு பள்ளம் வந்துவிட்டது. சாணளவு நீளம். மேலே புடைத்து நிற்கும் பெயிண்டால் நரம்பு நரம்பாகக் கோடு இழுத்தேன். நிறத்துக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. மஞ்சளில் துளி சிவப்பு, துளி கருப்பு, மண் ஒட்டியதுபோல முனையில் கொஞ்சம் செம்மண் நிறம். எல்லாம் முடிந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. வெறும் பெயிண்ட் வாசனை அடித்தது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை இரண்டு சொட்டுப் பவுடரில் குழைத்து மேலெல்லாம் தேய்த்துவிட்டேன். ஒருவரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அப்பா அதைக் கையில் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். இடுப்பில் கட்டை விரலை வைத்து அமுக்கி, காதைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் வரவில்லை. முகத்தைச் சுளித்தார். "காய்ச்சல் பத்தல" என்றார்.

நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு. தம்பி அழுதுவிட்டான். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே அவர் கைத்துணியை அவிழ்த்தோம். இரண்டு வாரத்தில் முன்னங்கைப் புண் ஆறிப் பக்குத் தட்டியது. பொம்மையைப் பிடித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கும் படத்தைத் தம்பி சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான், கை கூப்பும் படங்களாக வந்து குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அமுக்கிப் பார்க்கிறார் என்று எல்லோரும் மகிழ்ந்துபோனோம். அமுக்கிப் பார்த்த பிறகு அடுத்ததாக அவர் என்ன செய்வார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

மூன்றாவது ஞாயிறு போனபோது பொம்மையின் முனையில் கொண்டைக்கடலை அளவு பள்ளம். நகத்தால் கீறியிருந்தார். உள்ளே பாண்டாவின் வெள்ளை ஸ்பாஞ்ச் தெரிந்தது. எனக்குக் கவலையே இல்லை. சொல்லப்போனால் சந்தோஷம். பழுது பார்க்கும் சாமான்களை ஒரு பழைய டிபன் பாக்சில் போட்டுக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வாங்கி வைத்திருந்த புது மஞ்சள் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி அடைத்து, சிலிகான் தடவி, மூன்று பூச்சு பெயிண்ட் அடித்து, துணிக்கொடியில் க்ளிப் போட்டு ஃபேனுக்கு நேராக மாட்டினேன்.

அது காயும்வரை அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை. நடுநடுவே எச்சில் விழுங்கினார். "பாரேன், எப்படி ஏங்கிப்போயிட்டாரு" என்று நான் தம்பியிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்த மஞ்சள் துண்டு இல்லை. தம்பி மனைவிதான் எடுத்துக் காட்டினாள்.

"அக்கா, நீங்க அடைச்ச எடத்துல ஒரு துண்டு காணோம்" என்றாள்.

"பிச்சிப் போட்டிருப்பாரு. பெருக்கும்போது போயிருக்கும். கீழ கெடக்கறத எடுத்து வைக்கத் தெரியாதா ஒனக்கு?"

நான் மகளின் ஸ்ட்ராபெரியை அறுத்து, ரோஸ் ஸ்பாஞ்சை அடைத்தேன். அதற்கடுத்த வாரம் ரோஸும் இல்லை. "இந்தத் தடவை கட்டிலுக்கு அடியிலல்லாம் வெளக்குமாத்த விட்டு நல்லாப் பெருக்கிப் பாத்தேன்க்கா. கெடைக்கல" என்றாள். அவள் குரலில் ஏதோ ஒரு தயக்கம் இருந்தது. அதைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ பதில் சொல்லிவிட்டால் போதும். "எலி தூக்கிக்கினு போயிருக்கும். கடலை எண்ணெ வாசனை வருதில்ல. ஜல்தியா ஒரு பொறி வாங்கியாந்து வைக்கச் சொல்லு உன் வீட்டுக்காரன" என்றேன். அன்று சாயங்காலமே தம்பி எலிப்பொறி வாங்கிவந்து அப்பாவின் கட்டிலுக்கு அடியில் வைத்தான். அதில் ஒரு எலிகூட விழவில்லை. விழாததும் எனக்கு ஒன்றையும் சொல்லவில்லை.

ரோஸ் போன இடத்தில் தலையணைக் கடை வெள்ளை ஸ்பாஞ்ச் வந்தது. அது போனது. மெத்தைக் கடையில் கேட்டு வாங்கிய கழிவுத் துண்டுகளில் பச்சை வந்தது, நீலம் வந்தது. அவையும் போயின. ஒவ்வொரு வாரமும் அதே முனைதான். ஒட்டுப் போட்ட இடத்தில் சிலிகான் ஓரம் மெல்லிய வரப்புபோலத் தூக்கி நிற்கும். நகம் போய் மாட்டுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆறாவதாகச் சாம்பல் நிறத் துண்டை வைத்தபோது, இனிமேல் பெயராமல் இருக்க வேண்டும் என்று பெரிதாகக் குழி தோண்டி, ஆழமாகச் செருகி, பசையை வழிய வழிய விட்டேன்.

இதற்கு நடுவே அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். முதலில் இட்லி மூன்று இரண்டானது. பிறகு ஒன்று. கேப்பைக் கூழை வாயில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளினார். வயிறு உப்பி நின்றது. தம்பி டாக்டரிடம் கூட்டிப்போனான், வயசானால் அப்படித்தான், வாயு என்று மருந்து எழுதிக் கொடுத்தார்கள். எனக்குத் திருப்தி இல்லை. யார்மேலாவது பழி போட்டால்தான் எனக்கு அடங்கும். அந்த ஞாயிறு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பி மனைவியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவருக்கு என்னாதான் ஆக்கிப் போடற நீ? எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. ஒரு வேளையாவது பக்கத்துல ஒக்காந்து ஊட்டறியா, இல்ல தட்ட வச்சிட்டுப் போயிடறியா?"

அவள் முகம் சுருங்கிப்போனது. "நீங்க ஒரு வாரம் இங்க இருந்து பாருங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் விடவில்லை. அவள் காதில் விழும்படி தம்பியிடம், "உன் பொண்டாட்டி கையில அப்பாவ விட்டது என் தப்பு" என்றேன்.

பிறகு பொம்மையை எடுத்தேன். சாம்பல் துண்டு வேரோடு போயிருந்தது. அதோடு சேர்ந்து சுற்றிலும் இருந்த ஸ்பாஞ்சும், நான் அடித்த பெயிண்டும் பிய்ந்து, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் குழி. ஓரத்தில் சின்னச் சின்னதாக இரண்டு வெட்டு இருந்தது. பல் தடம். இன்று கண்ணை மூடினாலும் அது தெரிகிறது. அன்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலிப் பல்லுதான்" என்றேன் நான். அப்பாவுக்கு மேலே நான்கு பல்லும் கீழே மூன்று பல்லும் இருப்பது எனக்குத் தெரியாதா என்ன. ஏழாவது ஒட்டைப் போட்டுக் காயவைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, பதினோரு மணிக்கு அலுவலகத்தில் இருந்தபோது தம்பி கூப்பிட்டான். காலையிலிருந்து பச்சையாக வாந்தி எடுக்கிறாராம். திண்டிவனத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், குடலில் ஏதோ அடைத்திருக்கிறது, இங்கே முடியாது, உடனே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாராம். "ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம்க்கா. விக்கிரவாண்டி தாண்டப்போறோம். நீ நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்துரு" என்றான்.

வெயிலில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஒவ்வொரு சைரனுக்கும் சாலைவரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கதவைத் திறந்து அப்பாவை இறக்கியபோது வயிறு பானைபோல இருந்தது, கண் எங்கோ சொருகியிருந்தது. வலது கையில் அந்தப் பொம்மையை இறுக்கிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்து, நல்லவேளை, மறக்காமல் கொண்டுவந்தார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். எழுதவே கூசுகிறது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப்போகும் முன் நர்ஸ் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொம்மையை எடுத்து என்னிடம் தந்தார். ஏழாவது ஒட்டு பெயராமல் அப்படியே இருந்தது.

மூன்று மணி நேரம் ஆனது. அறுவை செய்த டாக்டர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். கையில் ஒரு ஸ்டீல் தட்டோடு வெளியே வந்தார்.

"அப்பா தாங்கிட்டாரும்மா. இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. இதெல்லாம் குடல்ல ஒண்ணா திரண்டு அடைச்சிக்கிட்டு இருந்துது. இது என்னன்னு யாருக்காவது தெரியுதா?"

தட்டில் ஈரமாக, கசங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சில துண்டுகள். கழுவியிருந்தார்கள். பித்தம் ஏறி நிறம் மங்கியிருந்தாலும் எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மஞ்சள், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச். ரோஸ், என் மகளின் ஸ்ட்ராபெரி. வெள்ளை, தலையணைக் கடை. பச்சை. நீலம். ஒவ்வொன்றின் முதுகிலும் என் சிலிகானும், அந்தந்த வாரம் நான் கலக்கிய பெயிண்டும் அப்படியே ஒட்டியிருந்தன. நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறேன். குடல்கூட அதைப் பிரிக்கவில்லை.

தம்பி என் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. தம்பி மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். அவள் தட்டைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் மனசுக்குள் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. வயிற்றைத் தைத்து மூடிவிட்டார்கள். எழுபத்தெட்டு வயது. இப்போது இதைச் சொன்னால் எங்கள் நிம்மதி போகும், என் மானமும் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதும் தெரிந்தது.

"டாக்டர், இதுல அஞ்சுதான் இருக்குது" என்றேன். "ஏழு இருக்கணும்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஏழு தடவ ஓட்டையாச்சு. ஏழு தடவையும் நான்தான் அடைச்சேன்."

தம்பி, "என்னாக்கா சொல்ற" என்றான். டாக்டர் தட்டைப் பக்கத்து பெஞ்சில் வைத்தார். எந்தெந்தத் துண்டு, எவ்வளவு பெரிசு என்று கேட்டார். முதலாவது, கொண்டைக்கடலை அளவு, வெள்ளை. கடைசி, நெல்லிக்காய் அளவு, சாம்பலும் பழுப்பும். கட்டை விரலால் அளவு காட்டினேன். குடல் முழுவதையும் தடவிப் பார்த்ததாகவும், வேறு எதுவும் கையில் தட்டுப்படவில்லை என்றும் சொன்னார். சின்னது எப்போதோ போயிருக்கலாம். பெரியது இரைப்பையில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்பாஞ்ச் ஸ்கேனில் தெளிவாகத் தெரியாது. "அவர் உடம்பு இப்ப இருக்கற நெலமைல இன்னொரு தடவை எதுவும் பண்ண முடியாதும்மா. தெனமும் வெளிக்குப் போறதைப் பாருங்க. சாப்பாட்டைத் தள்ளினாலோ வாந்தி எடுத்தாலோ அதே நிமிஷம் கொண்டாங்க" என்றார். கொண்டுவந்தால் என்ன செய்வார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாடிப்படி ஓரத்தில் தம்பி மனைவியிடம் போனேன். "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அதிகம் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"நானே ரெண்டு தடவ அவரு வாய் அசையறதப் பாத்தேன்க்கா. வெத்தல நெனப்புல மெல்லறாருன்னு விட்டுட்டேன். ஒங்ககிட்ட சொல்லலாம்னா, நீங்க எலின்னு சொல்லிட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுதாள். அவளைத் தேற்றும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே சும்மா பக்கத்தில் நின்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அப்பாவைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தோம். பொம்மையை நான் அடுப்பில் போட்டுவிட்டேன். கரும்புகை கக்கிக்கொண்டு எரிந்தது. அவர் கைகளில் துணி சுற்றிக் கட்டினோம். இந்தத் தடவை கட்டியது நான். அவர் துணிக்குள் விரல்களை அசைத்து அசைத்து எதையோ தேடினார், முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

அன்றிலிருந்து தம்பி மனைவி ஒவ்வொரு நாளும் அப்பாவின் டயப்பரைத் தூக்கி எறிவதற்கு முன் கையுறை போட்டுக்கொண்டு பிரித்துத் தேடுகிறாள். அவளை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது போன் வரும். "இல்லக்கா" என்பாள். வேறு பேச்சு கிடையாது. ஒன்பதாம் நாள், "ஒண்ணு வந்துருச்சுக்கா" என்றாள். எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். "சின்னது. வெள்ளையா இருக்குது. ஒரு ஓரத்துல கருப்பு" என்றாள். பாண்டாவுக்குக் கண்ணைச் சுற்றி இருந்த கருப்பு. முதல் ஓட்டையில் போனது. இத்தனை வாரம் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. சின்னதே இவ்வளவு நாள் உள்ளே இருக்க முடியுமென்றால் பெரியது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் அதையேதான் யோசித்தாள் என்பது போனை வைக்காமல் இருந்ததில் தெரிந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அலுவலகத்தில் பதிவேட்டின் முதுகு பிய்ந்து கிடக்கிறது, பசையை எடுக்கக் கை வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை காது கிழிந்த பூனைப் பொம்மையைக் கொண்டுவந்து நீட்டியது. உள்ளே கொஞ்சம் பஞ்சு குறைந்திருந்தது. மிச்சம் எங்கே என்று அந்தக் குழந்தையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அது அழுதுகொண்டே ஓடிப்போனது. அதன் அம்மா இப்போது என்னிடம் பேசுவதில்லை.

போன ஞாயிறு திண்டிவனத்துக்குப் போனேன். தேடும் வேலையை அன்று நான் செய்தேன். தம்பி மனைவி கதவருகே நின்று, "இருக்குதாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் கேப்பைக் கூழை ஆற்றிக் கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் கொடுத்தாள். அப்பாவின் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் கரண்டியை ஊட்டினேன். விழுங்கினார். இரண்டாவதையும் விழுங்கினார். மூன்றாவது கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது அப்பா என்னைப் பார்த்தார், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி நீட்டினேன். திரும்பவில்லை. அவர் வயிற்றின்மேல் கையை வைத்துப் பார்த்தேன். காலையில் வைத்தபோது இருந்ததைவிட இறுகியிருந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, சொல்லத் தெரியவில்லை. நான் தம்பி மனைவியைப் பார்த்தேன். அவள் போனை எடுத்து ஆம்புலன்சுக்கு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.